நூறு எண்ணும் தூரம்

நாற்பது வருடம் கடலில் வழி தவறாத ததேயுஸ், முழங்கால் முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கடலுக்குப் போவதையே விட்டுவிட்ட ததேயுஸ், இனயம் ஊரில் தன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் வழி தவறினார். மணி மதியம் மூன்று. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுக்களையில் அவர் மனைவி ஞானபாய் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் மகன் ஷிஜினுடையது. குவைத்துக்கு மீன் பிடிக்கப் போன காலத்தில் வாங்கியது. ஊர் திரும்பித் தங்கல் போட்டில் ஏறினான். பதினைந்து நாள், இருபது நாள் கடலிலேயே கிடந்து பிடிக்கிற தொழில். கரைக்கு வந்தால் குளித்து, சாப்பிட்டு, மறுபடி கடலுக்குள் இறங்கிவிடுவான். இந்த முறை லேப்டாப்பில்.

"இருவது நாளு வெள்ளத்துல கெடந்தது போதாதால ஒனக்கு?" என்று ஞானபாய் கேட்பாள்.

"அது வேலையாக்கும். இது வெளையாட்டும்மா."

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவன் வேலையில் இருந்தான். போட்டு வரவில்லை. அதிலிருந்த எட்டுப் பேரில் ஒருவரும், உடலாகக்கூட, வரவில்லை.

வேறு பலர் வந்தார்கள். அவர்களுடைய கார்கள் திரும்ப இடமில்லாமல் கோயில் முற்றத்தில் வலை காயப்போடுவது இரண்டு வாரம் தடைபட்டது. ஒவ்வொருவரும் ததேயுஸின் கையைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு பெண் வந்தார், மனநல ஆலோசகர். ஓர் அட்டையை நீட்டினார். அதில் ஐந்து உருண்டை முகங்கள். சிரிப்பது தொடங்கி அழுவது வரை.

"இதுல உங்க மனசு இப்ப எப்படி இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க ஐயா."

ததேயுஸ் அட்டையைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஒண்ணும் இல்லாத மொகம் இல்லியா?"

ஆலோசகர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அதோடு சரி.

உண்மையில் அவருக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பசி வந்தது, நேரத்துக்கு வந்தது. சாப்பிட்டார். ஞானபாய் ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பில்லாமல் வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

ஒன்றே ஒன்றுதான் உள்ளே கிடந்தது. புயல் ஓய்ந்ததும் ஊர்ப் போட்டுகள் தாமாகவே தேடக் கிளம்பியபோது, எந்தப் பக்கம் தேடுவது என்று அவரிடம்தான் கேட்டார்கள். ஷிஜினின் போட்டு கடைசியாக ஒயர்லெஸ்ஸில் பேசிய இடம் தெரியும். காற்றின் வேகம் தெரியும். நீவாடு, அதாவது கடலுக்குள் ஆறு போல் ஓடும் நீரோட்டம், அந்த மாதத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். சிமெண்ட் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். "வடமேக்க பாருங்கல." பார்த்தார்கள். ஒன்பது நாள் கழித்து யாருடையதோ ஒரு நீல டீசல் கேனுடன் திரும்பி வந்தார்கள். கணக்கு சரியா தப்பா என்று சொல்லக் கடலில் ஆளில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

பதினோரு மாதம் யாரும் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை. மகள் சிந்தியா நர்ஸ். அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, சனிக்கிழமை விமானம் என்றானபோது, புதன்கிழமை பெட்டி அடுக்குகிற சாக்கில் அதை எடுத்துத் துடைத்தாள், சார்ஜ் போட்டாள், திறந்தாள்.

"அப்பா, இங்க வாங்க."

திரையில் இருட்டு. இருட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குமிழ். ஒரே ஆள் உட்காரும் சின்ன நீர்மூழ்கி. குமிழுக்கு உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி காட்சி. முன்னால் இரண்டு விளக்கின் வெளிச்சம் பத்தடி போய்ச் செத்துவிடுகிறது. ஓரத்தில் இரண்டு எண்கள்: ஆழம் 212, நீர்மூழ்கியின் சார்ஜ் 31.

"அவன் விட்டுட்டுப் போன எடம். அம்மா சோறு திங்கக் கூப்பிட்டா, அப்படியே சேவ் பண்ணிட்டு எழும்பினான். மத்தநாளு போட்டுல போயிட்டான்."

ததேயுஸ் பார்த்தார்.

"இதுல ரெண்டு மாதிரி ஆடலாம்பா. சாதாரணமா ஆடினா, செத்தா திரும்ப உயிர் வரும். அவன் ஆடினது ஒத்த உயிர் ஆட்டம். ஒருக்கா செத்தா எல்லாமே அழிஞ்சுரும். அவன் கெட்டின வீடும் போயிரும்."

"வீடா?"

"கடலுக்கு அடியில வீடு கெட்டியிருக்கான். நம்ம பேரு எல்லாம் எழுதிப் போட்டிருக்கேன்னு சொல்லுவான், நான் பாத்ததில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்குள்ள அவன் இன்னும் சாவல்லப்பா. இந்தக் குழிக்குள்ள கெடக்கான். நான் போனா இத ஓட்ட வீட்டுல ஆளு கெடையாது. அதுக்கு மின்ன அவன வீட்டுல கொண்டு சேத்துட்டா..."

உடனே அவளுக்கு ஒன்று தோன்றியது. "மார்த்தாண்டத்துல கம்ப்யூட்டர் கடையில குடுத்தா ஒரு காப்பி எடுத்துத் தருவான். வழி தெத்திப் போனாலும் ஒறிஜினல் கெடக்கும்."

"அவன் காப்பி எடுத்து வச்சிட்டா ஆடினான்?"

"இல்ல."

"பின்ன நமக்கெதுக்கு?"

அவ்வளவுதான் பேச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேகத்தை விசைப்பலகையில் சிந்தியா பார்த்துக்கொள்வாள். திசை, மவுஸில், அவர் கையில்.

வழி என்னவோ சிந்தியாவுக்குத் தெரியும். ஷிஜின் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் நாலைந்து சாமான் தேடிப் பிடித்தால் திசைகாட்டி செய்துகொள்ளலாம். அவன் செய்யவில்லை. 'இனயத்துக்காரனுக்கு எதுக்குட்டி காம்பஸ்' என்றானாம். கணியம் பார்த்துத்தான் போவான். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது கணியம்: வேளிமலை முகட்டோடு கோயில் கோபுரம் ஒட்டி வந்தால் அது ஒரு கோடு, இன்னொரு பக்கம் வேறு இரண்டு ஒட்டினால் இன்னொரு கோடு, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் மீன் கிடக்கும் பாறை. விளையாட்டிலும் அதே. மேலே வந்தால் ஒரு பக்கம் உடைந்த கப்பல், இன்னொரு பக்கம் தீவு தெரியும். கப்பலின் மூக்கு இரட்டைப் பாறையின் இடைவெளியில் வரவேண்டும், மொட்டைக் குன்று தீவின் வாலைத் தொடவேண்டும். அந்த இடத்தில் கப்பலுக்கு முதுகைக் காட்டித் தொண்ணூறு மீட்டர் இறங்கி, நேரே நூறு எண்ணும் தூரம் போனால், பச்சை விளக்கு. அதுதான் வீடு.

ஆனால் முதலில் குழியிலிருந்து மேலே வரவேண்டும். அங்கேதான் நாற்பது வருடம் உதவிக்கு வரவில்லை.

கடலில் திசையைத் தலை அறிவதற்கு முன் உடம்பு அறிந்துவிடும். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, அலை வள்ளத்தை எந்த விலாவில் தட்டுகிறது, வெயில் கழுத்தில் எங்கே சுடுகிறது என்று கேட்காமலே கணக்கு ஓடும். இங்கே குமிழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் அசையாமல் நின்றது. வயிறு புரளவில்லை. காற்று, மின்விசிறியிலிருந்து, எப்போதும் உச்சந்தலையில். சுற்றிலும் பாறை; எந்தப் பாறையைப் பார்த்தாலும் ஒன்றே போல. ஒரே இடத்தை மூன்று முறை சுற்றிவந்த பிறகுதான் அது ஒரே இடம் என்று தெரிந்தது. மரத்துப்போன காலால் படியிறங்குவது போலிருந்தது. அந்த உணர்வு அவருக்குப் புதிதல்ல, பதினோரு மாதமாக அப்படித்தான். அதனால் பயப்படவில்லை. அது ஒன்றே அன்று கைகொடுத்தது.

சார்ஜ் 22-க்கு வந்தபோது சேவ் பண்ணி மூடினார்கள்.

மறுநாள் கேப்டன் வந்துவிட்டார்.

மரியஜான் ஞானபாயின் அண்ணன். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் உலகத்தைச் சுற்றியவர். சமையலறையில் இருந்து சுற்றினார். எத்தனை சமுத்திரங்களைக் கடந்தார் என்பதை அவர் நறுக்கிய வெங்காயத்தை வைத்துத்தான் கணக்கிடவேண்டும். ஓய்வுபெற்று வந்தவர் திருவிழாவுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டார், ஊர் கேப்டன் என்றது, அவர் மறுக்கவில்லை. இப்போது முதலாண்டு நினைவேந்தல் குழுவின் தலைவர். குழு வைத்த பேனரில் காணாமல் போனவர்களின் படங்கள் தபால்தலை அளவிலும், தலைவரின் படம் கதவளவிலும் இருந்தன.

"மச்சான் எழும்பும்," என்றார், தொப்பியோடு. "வள்ளம் ஓட்டுகது வேற, நேவிகேஷன் வேற. இது சயன்ஸாக்கும்."

ததேயுஸ் எழுந்து இடம் கொடுத்தார். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

கேப்டன் மவுஸைப் பிடித்தார். "சிந்தியா, ஸ்டார்போர்டு!"

"அது எந்தப் பக்கம் மாமா?"

கேப்டன் இடது கையைத் தூக்கினார். யோசித்தார். வலது கையைத் தூக்கினார். "ஆழத்துல ரெண்டும் ஒண்ணுதான். நீ வேகத்தக் கூட்டு."

கூட்டினாள். ஆழம் காட்டும் எண் ஓட ஆரம்பித்தது. இருநூற்று இருபது. முப்பது. நாற்பது.

"பாத்தியா! நேத்து நாளு முழுக்க இருநூத்திப் பன்னெண்டுல கெடந்து உருண்டிய. ரெண்டே நிமிஷத்துல இருநூத்தி நாப்பது. மேல வந்தாச்சு!"

"மாமா, அது ஆழமாக்கும். கீழ போறோம்."

"ஏட்டி, எனக்குப் படிச்சுத் தராதே. நம்பர் கூடினா மேல. லிப்ட்ல ஏறினதில்லியா?"

கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. பிறகு நெறிகிற சத்தம். சிவப்பு எழுத்து மின்னியது. சிந்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுக்களையில் வெட்டுகிற சத்தம் நின்றது. ஒரு முறையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஞானபாய் கத்தியோடு அங்கேயே நிற்கிறாள் என்பது ததேயுஸுக்குத் தெரிந்தது.

அவர் குனிந்து மச்சானின் விரல்களை, தூண்டிலை மீனின் வாயிலிருந்து எடுப்பது போல், ஒவ்வொன்றாக மவுஸிலிருந்து எடுத்தார். குமிழின் மூக்கை நிமிர்த்தினார். இருட்டிலும் ஒரு பக்கம் இருட்டு கொஞ்சம் வெளிறியிருந்தது. "அங்க. பைய," என்றார். சிந்தியா பையக் கொடுத்தாள். இருநூறு. நூற்றைம்பது. எண்பது. கறுப்பு நீலமானது, நீலம் பச்சையானது, குமிழ் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து ஆடியது. திரையில் வெயில். தூரத்தில் உடைந்த கப்பல். சார்ஜ் 13.

"சாப்ட்வேர் கோளாறு," என்றார் கேப்டன். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. சிந்தியாவின் பெட்டி முன்னறையிலேயே பூட்டி நின்றது. விடிந்தால் விமானம்.

மேலே வந்த பிறகு வேலை சுலபமாக இருந்தது. இது அவருக்குத் தெரிந்த காட்சி. மலைக்குப் பதில் கப்பல், கோபுரத்துக்குப் பதில் பாறை. "எடத்த... இன்னும் எடத்த... மதி, போதும்," என்று தனக்குத்தானே சொன்னபடி இடதுபுறம் திருப்பினார். கப்பலின் மூக்கு இரட்டைப் பாறைக்கு நடுவில் ஊசியில் நூல் போல நுழைந்தது. மொட்டைக் குன்று தீவின் வாலைத் தொட்டது. முதுகைக் காட்டித் திரும்பி, இறங்கினார். தொண்ணூறு. "நேரே."

சிந்தியா எண்ணினாள். நூறு வந்தது. விளக்கு வரவில்லை. ஒரு பாறைச் சுவர் வந்தது. அதில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு மீன்.

மேலே போய்க் கணியத்தைச் சரிபார்த்து மறுபடி இறங்கினார்கள். சார்ஜ் 9. தொண்ணூறு. நேரே. நூறு. அதே சுவர். அதே ஓட்டை. மீன் போன தடவையைவிட அதிகமாகச் சுளித்தது. மூன்றாவது முறைக்கு மேலே வந்து நின்றபோது சார்ஜ் 5.

"இதான் கடைசிப்பா. இதுலயும் கிட்டல்லன்னா நீந்திப் போவணும். மூச்சு எட்டாது." சிந்தியாவின் குரல் நர்சுக் குரலாக மாறியிருந்தது. "இங்கயே சேவ் பண்ணிட்டு விட்டுரவா? உயிரோடயாவது கெடப்பான்."

"நடுக்கடல்லயா?"

அவள் விரலை மறுபடி வேக விசையில் வைத்தாள்.

ததேயுஸ் யோசித்தார். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் போய் முட்டியிருக்கிறது. வழி தெரியாதவன் தடவைக்கு ஓரிடத்தில் முட்டுவான். ஒரே அளவுக்குத் தப்பு வந்தால் எதையோ ஒரே அளவுக்குக் கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எதை?

இறங்கினார். தொண்ணூறு. "நேரே."

சிந்தியா வேகத்தைத் தொடவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நேரேன்னு சொல்லுகிய. ஆனா மூக்க எடப்பக்கமா ரெண்டு வெரலு தள்ளி வைக்கியளே. மின்ன ரெண்டு தடவையும் அப்படித்தான் வச்சிய."

ததேயுஸ் திரையைப் பார்த்தார். ஆமாம், தள்ளித்தான் இருந்தது. தள்ளியது அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்திருக்கிறது.

"நீவாட்டுக்கு," என்றார். "வலத்த இழுக்கும்லா. அதுக்கு எடத்த பிடிக்கணும்."

"இதுல நீவாடு இல்லியேப்பா."

"நீவாடு இல்லாத கடலா?"

"இது கம்ப்யூட்டராக்கும்."

"எல்லாத்தையும் நிறுத்து."

நிறுத்தினாள். குமிழ் அப்படியே நின்றது. கடலில் நீவாட்டைப் பார்க்க ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார்கள். கயிறு சாய்கிற பக்கம் நீவாடு. இங்கே கயிறு இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நீளமான பாசி கீழிருந்து மேலே வளர்ந்திருந்தது. ஆடவில்லை. பள்ளிக்கூட அடிஸ்கேல் போல நின்றது. கண்ணாடிக்கு வெளியே ஒரு தூசி இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாக ஒரு நிமிடம். தூசி இருந்த இடத்தில் இருந்தது. நாற்பது வருடத்தில் கடல் அவருக்கு எதையும் வைத்த இடத்தில் விட்டுக்கொடுத்ததில்லை. வலையை, மிதவையை, வள்ளத்தை, எதையும். அதைத்தான் அன்று கரிக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார்: இங்கே விட்டது இங்கே இருக்காது, வடமேற்கே பாருங்கள். அன்று எத்தனை விரல் தள்ளிச் சொன்னோம் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வந்தது. அது சரியா என்பது மட்டும் வரவில்லை. இந்தக் கடல் பரவாயில்லை. தப்பாகப் போனால் ஒரு சுவரையாவது காட்டுகிறது.

"அப்பா."

"ம்."

மூக்கை இரண்டு விரல் வலத்தே கொண்டுவந்தார். அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. கை திரும்பத் திரும்ப இடத்தே போனது. கடைசியில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், துள்ளுகிற மீனைப் பலகையில் அழுத்திப் பிடிப்பது போல.

"எண்ணு."

ஒன்று. இரண்டு. இருபதில் சார்ஜ் 4. நாற்பத்தைந்தில் 3. எழுபதில் திரை மங்கியது. விளக்குகளுக்குச் சக்தி குறைந்தது. எண்பதில் சிந்தியா எண்ணுவதை விட்டுவிட்டாள். ததேயுஸ் தாமே எண்ணத் தொடங்கினார், வலை இழுக்கும்போது எண்ணுகிற ராகத்தில். எண்பத்தொண்ணு. எண்பத்திரண்டு. தொண்ணூற்றாறில், சொன்ன இடத்துக்கு நாலு எண் முன்னாலேயே, பச்சை விளக்கு.

கேப்டன் இருந்திருந்தால் ஏமாந்திருப்பார். பெரிய வீடெல்லாம் இல்லை. இரண்டு குழாயைச் சேர்த்து ஒட்டினாற்போல் இரண்டு அறை, ஒரு கட்டில், சுவரோரம் பெட்டிகள். குமிழைக் கொக்கியில் மாட்டினாள் சிந்தியா; சார்ஜ் 1; அதன் பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. ஷிஜின் இறங்கி உள்ளே நடந்தான். அவன் முகம் தெரியாது. அவன் கண்ணால் பார்க்கிற காட்சிதான் திரையில். பெட்டிகளின் மேல் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிய பலகைகள். சிந்தியா படித்துச் சொன்னாள். 'அம்மாக்க அடுக்களை, மீனு மட்டும்.' 'சிந்தியாக்க பெட்டி, ஒண்ணும் இல்ல.' கட்டிலுக்கு மேலே: 'அப்பா வந்தா இங்க ஒறங்கட்டு. நான் தரையில.'

வாசல் பக்கம் திரும்பியபோது, உள்பக்கச் சுவரில், எல்லாவற்றையும்விடப் பெரிய பலகை ஒன்று இருந்தது. சிந்தியா முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"வீட்டுக்கு வழி. கப்பல் மூக்கு, ரெட்டப் பாறை. மொட்டக் குன்று, தீவு வாலு. தொண்ணூறு மீட்டர். நூறு எண்ணு." அவள் நிறுத்தினாள். "கீழ இன்னொரு வரி இருக்குப்பா. 'நீவாடு கெடையாது மடையா. நேரே வா.'"

வீட்டுக்கு வருகிற வழியை வீட்டுக்குள் எழுதி மாட்டி வைத்திருக்கிறான்.

அடுக்களை வாசலில் ஞானபாய் வந்து நின்றிருந்தாள். கையெல்லாம் செதில். மூன்று நாளில் முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். "ஆரையாக்கும் மடையான்னு சொல்லுகான்?" என்றாள்.

"அவனத்தாம்மா," என்றாள் சிந்தியா. "தனக்குத்தானே எழுதி வச்சிருக்கான், மறக்காம இருக்க."

ததேயுஸ் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஓடாது. இருந்தாலும் பார்த்தார்.

"அப்ப அவனுக்கும் தெத்தியிருக்கு," என்றார். "அந்தச் செவத்துல போய் முட்டியிருப்பான்."

"எத்தன தடவையோ."

"ரெண்டு தடவை முட்டியிருப்பான். மூணாவது தடவை கண்டுபிடிச்சிருப்பான்." சிந்தியாவின் பக்கம் திரும்பினார்: "எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதாப் போச்சு."

ஞானபாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். சுவரோரப் பெட்டிகளைப் பார்த்தாள். வீடு கூட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பது போலத் தரையையும் பார்த்தாள். அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் வெட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது.

"சேவ் பண்ணட்டாப்பா?"

"பண்ணு."

"பொறவு?"

"பொறவென்ன? மூடி வச்சிட்டு எழும்பு. விடியக்காலத்த போவணும்லா." ததேயுஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். வலது கையை இரண்டு தடவை உதறினார், மரத்திருந்தது. "நீவாடு இல்லாத எடமாக்கும். அங்கயேதான் கெடப்பான்."